கார்த்திகையில் காய்ச்சிய பால்

போன வாரம் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். புது ஃப்ளாட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்றாம். அதில் ஓர் அறை எனக்காம். விழுப்புரத்தில் இருபத்தாறு வருஷமாக நான் குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிடச் சொன்னான். பால் என்றதுமே நான் பேச்சை மாற்றிவிட்டேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். பால் பொங்குகிற வாசனை வந்தால் இன்றைக்கும் நான் அடுப்படியை விட்டு நகர்ந்துவிடுகிறவன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சித் தாலுகா ஆபீசில் எனக்குப் புதிதாகக் குமாஸ்தா வேலை. நான் பிறந்ததிலிருந்து கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கொல்லைக் கதவைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை. பொழுது அதன் பின்னால் இறங்கியதும் அம்மா விளக்கேற்றுவாள். கிணற்றுத் தண்ணீர் அப்படி இனிக்கும். ஆனால் தெரு மாறிக்கொண்டே வந்தது. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக நெல் மண்டி ஆயின. விடிவதற்குள் லாரிகள் வந்து நிற்கும். டீசல் புகை, நெல் தூசி. மூட்டை தூக்குகிறவர்கள் எங்கள் கொல்லை மதிலில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். அம்மாவுக்குக் குளிக்கவே கூச்சம்.

அம்மா போகலாம் என்றாள். நைனா இருக்கலாம் என்றார். நான் காலையில் அம்மா கட்சி, சாயங்காலம் நைனா கட்சி. ஆபீசில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் கால் தெருவுக்கு இழுக்கும். வீட்டுக்காரர் நல்ல மனிதர். மண்டிக்காரர் ஒருவர் எவ்வளவு நச்சரித்தும், நீங்கள் இருக்கிறவரை யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுதான் தொல்லை. துரத்தியிருந்தால் போயிருப்போம்.

சிங்கவரம் ரோட்டில் ஒரு வீடு அமைந்தது. கார்த்திகை முடிய நாலே நாள். மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அந்த வீட்டுக்காரரோ தை வரை காத்திருக்க மாட்டேன் என்றார். அப்போதுதான் என் குமாஸ்தா மூளை வேலை செய்தது. கார்த்திகைக்குள் அங்கே பாலைக் காய்ச்சி வீட்டைப் பிடித்துப்போடுவோம், மார்கழி பூராவும் இங்கேயே இருந்து போவதா வேண்டாமா என்று நிதானமாக யோசிப்போம் என்றேன். ஆபீசில் ஃபைலை நிலுவையில் வைக்கிற வித்தை. நைனா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் எல்லாம் போயின. மூன்று செங்கல் அடுப்பில் ஈரச் சுள்ளி புகைய, பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சுள்ளி தள்ளியதும் நான்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா பால் ஊற்றிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து அம்மா புது வீட்டைக் கழுவிவிடப் போனாள். போன இடத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வைத்துப் பார்த்திருக்கிறாள். வேகவே இல்லை. திரும்பி வந்து, "லாரி சத்தம் பழகித்தான் போச்சு. இங்கயே இருந்துடலாமா?" என்றாள். நைனா முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கும் நிம்மதி. மூன்று பேரும் முதல் தடவையாக ஒரே பக்கம். அன்றைக்கே நைனாவும் நானும் கடைத்தெரு வீட்டுக்காரரிடம் போனோம்.

அவர் முழுசாகக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாங்க இது. பால் காச்சிட்டீங்கன்னு பஜாரே பேசிக்குது. காச்சிட்டா அப்புறம் அதானே உங்க வூடு? நேத்துதான் மண்டிக்காருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. செஞ்சியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தை பிறந்து போனால் போதும் என்றார் பாவம்.

திரும்பி வரும்போது நைனா ஒன்றே ஒன்று சொன்னார்: "நீ யோசிக்கத்தானேடா சொன்ன." திட்டியிருந்தால் தேவலை. சிங்கவரம் ரோட்டு வீட்டில் காபியை ஒரு வாய் குடிப்பார், டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். என்னை ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

போன வருஷம் செஞ்சிக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மண்டியும் இல்லை, செல்போன் கடை. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். எங்கள் கொல்லையிலிருந்து தெரிந்த மலையைப் பார்க்க மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். கூடப் பார்க்க நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

நேற்று மகன் மறுபடியும் கேட்டான். வருவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

"யோசிச்சி சொல்றேன். அதுக்குள்ள எனக்கும் சேத்துப் பால் காச்சிடாத."

"அது சும்மா சாங்கியம்தானேப்பா" என்று சிரித்தான்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.