நெட்டையனின் சட்டை ஓரம்

எனக்கு எழுத்தைக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. அழுக்குத் துணிக்குச் சேங்கொட்டை மையில் குறி போட்டுப் போட்டே எழுதப் பழகியவன் நான். அந்த மை ஏழு வெள்ளாவியில் வெந்தாலும் போகாது. என் எழுத்தும் அப்படித்தான். இதில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் ஆள் பார்த்து எடுப்பதில் என்னைத் திருத்த இந்தச் சிங்கப்பூரில் ஒருவரும் கிடையாது. பதினாலு வயதில் கட்டிய வேட்டியோடு கப்பலை விட்டு இறங்கியவன், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் எட்டுத் துவைகல்லுக்கு மேஸ்திரி ஆனேன் என்றால் சும்மாவா? கப்பல் துணி, ஆஸ்பத்திரித் துணி, துரைமார் வெள்ளை உடுப்பு, எல்லாம் என் சலவைத் துறைக்கு வந்துதான் வெளுக்கும். சரியான கல்லில் சரியான ஆளை நிறுத்தத் தெரிந்ததால் வந்தது அது.

எங்கள் வட்டாரத்து ஹாக்கிக் குழுவை ஆரம்பித்ததும் நான்தான். ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். சிப்பாய்கள் உடுப்புத் துவைக்கப் போட வந்தபோது, அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து, விரிசலுக்குக் கயிறு சுற்றி, பதினாலு பேரைச் சேர்த்தேன். யார் ஆடுவது, யார் உட்காருவது என்று ஆள் பிரிக்கிற வேலை என்னுடையது. அதில் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் மரைக்காயர்.

மரைக்காயர் நாகூர்க் கரைக்காரர், சாலை முனையில் மளிகைக்கடை. மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கடைக்கு மிளகாய் வாங்க வந்தவன் அவரோடு பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவான். அவரும் நானும் ஒரு வருடம் முழுக்கச் சண்டை போட்டது ஒரே ஆளைப் பற்றி. எங்கள் கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற நெட்டையன்.

நெட்டையன் என் துறையில் மூன்றாம் கல்லில் துணி அடிப்பவன். நல்ல நாளில் அவனைத் தாண்டிப் பந்து போகாது. எதிராளியின் மட்டையிலிருந்து பிடுங்கி, ஒரே அடியில் மறுபாதிக்கு அனுப்பிவிடுவான். ஜனங்கள் வேலியில் ஏறி நின்று கத்துவார்கள். கெட்ட நாளிலோ, வானத்தைப் பார்த்து ஓங்குவான், பந்து காலடியில் போய்விடும். ஹாக்கியில் மட்டை தோளுக்கு மேலே போகக் கூடாது, போனால் ஊதல் ஊதிப் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். நெட்டையனின் கெட்ட நாளில் ஊதல் ஊதியே நடுவருக்கு மூச்சு வாங்கும்.

"மேஸ்திரி, உங்க நெட்டையன் மழை மாதிரி. வந்தா வெள்ளம், வரலைன்னா ஒரு சொட்டு கிடையாது," என்பார் மரைக்காயர். "நம்ம கோயில்பிள்ளையை நிறுத்துங்க. பேசாம அந்தாளு பாட்டுக்கு நிப்பாரு."

கோயில்பிள்ளை கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் மணி அடிக்கிறவர். காற்றானாலும் மழையானாலும் நேரம் தவறாதவர். ஆட்டத்திலும் அப்படித்தான். அவர் தப்புப் பண்ணி நான் பார்த்ததில்லை. கை தட்டும்படி எதுவும் செய்தும் பார்த்ததில்லை.

"அவர் அடிச்ச பந்து பக்கத்து ஆள் வரைக்கும் போறதுக்குள்ளே வெத்தலை போட்டுத் துப்பிடலாம்," என்றேன்.

"இருக்கட்டும். வெத்தலை போடுற நேரத்துலே கோல் விழாதுல்ல?"

இந்த வழக்குக்கு நான் ஒரு தீர்வு வைத்திருந்தேன். குழுச் சட்டைகள் என் துறையில்தான் வெளுக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நெட்டையன் சட்டையின் உள் ஓரத்தில் சேங்கொட்டை மையில் குறி போடுவேன். நன்றாக ஆடினால் ஒரு புள்ளி, கெடுத்தால் ஒரு கோடு. வருடக் கடைசியில் எடுத்துப் பார்த்தோம். ஒன்பது புள்ளி, ஒன்பது கோடு. மரைக்காயர் அந்த ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"எழுதி வெச்சும் உங்களுக்குத் தெரியலையே மேஸ்திரி!"

கோப்பிக் கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை துறைமுகத்து ஆபீஸ் குமாஸ்தாக்களோடு எங்களுக்குப் பெரிய ஆட்டம். "அதுலே நெட்டையன் கெடுத்தான்னா, ஆள் பிரிக்கிற வேலையை உங்க கையிலேயே குடுத்துடுறேன்," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் உண்டாக்கின குழுவில், மட்டை பிடிக்கத் தெரியாத மளிகைக்காரர் ஆள் பிரிக்க, நான் வேலிக்கு வெளியே நிற்பதா? அந்த வாரம் முழுக்க நெட்டையனை மாப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டேன். துறைப்பக்கம் வராதே என்றேன். காலையில் முட்டை, மத்தியானம் ஆட்டுக்கால் சூப்பு, சாயங்காலம் எண்ணெய் தேய்ப்பு.

"மேஸ்திரி, கை சும்மா இருக்க மாட்டேங்குது. ரெண்டு போர்வையாச்சும் அடிச்சுட்டுப் போறேனே," என்று கெஞ்சினான்.

"பேசாம உக்காரு."

சனிக்கிழமை காலை, என் வீட்டுக்காரி சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி மேசை அவள் ராஜ்ஜியம். நெட்டையன் சட்டையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்தப் புள்ளி பிரெஞ்சுக்காரன் கப்பல் வந்த வாரம். இது ஆஸ்பத்திரிக் கம்பளி வந்த வாரம், எனக்கு முதுகு ஒடிஞ்ச வாரம். கோடெல்லாம் மழை பெஞ்சு துறையிலே வேலையில்லாத வாரம்," என்றாள். "வேலை செஞ்சு களைச்சாத்தான் அவன் ஒழுங்கா ஆடுறான். நீங்க என்னடான்னா சூப்பு ஊத்துறீங்க."

"உனக்கு இஸ்திரி தெரியும். ஹாக்கி தெரியுமா?"

"எனக்கு நெட்டையனைத் தெரியும். ரெண்டு நாள் சும்மா இருந்தா கல்லு உடையிற மாதிரி ஓங்குவான்."

நான் சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

சாயங்காலம் குதிரைப் பந்தயத் திடல் பக்கத்துப் புல்தரையில் கூட்டம். குமாஸ்தாக்கள் சலவை மடிப்புக் கலையாத கால்சட்டையோடு வந்தார்கள்; அந்த மடிப்பும் என் வீட்டுக்காரி போட்டதுதான். ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து நெட்டையனிடம் வந்தது. மட்டையைத் தலைக்கு மேலே, பின்முதுகு வரை கொண்டுபோய் ஓங்கினான். ஊதல். இரண்டாவது பந்து, ஊதல். மூன்றாவதில் நடுவர் ஊதவில்லை, ஊத வேண்டிய அவசியமில்லை. பந்து அவன் கால்களுக்கு நடுவே போய்க் கோல் ஆகிவிட்டது. இன்னொன்றும் விழுந்தது. பாதி ஆட்டத்தில் அவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்றுமில்லை.

மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக என்னிடம் வந்தார். பக்கத்தில் கோயில்பிள்ளை, மட்டையோடு, அமைதியாக.

"சூப்பு நல்ல சூப்பு போல மேஸ்திரி," என்றார். "கோயில்பிள்ளையை இறக்கட்டுமா? இல்லை, ஆள் பிரிக்கிற வேலை இனிமே என்னுதுன்னு எல்லார் முன்னாலேயும் சொல்லிடுறீங்களா?"

நெட்டையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் கையைப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து மினுமினுத்துக்கொண்டிருந்தது. துவைகல்லில் துணியைத் தலைக்கு மேலே சுழற்றி அடித்துப் பழகிய கை. ஒரு வாரத்துப் பலத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பந்தைக் கண்டால் கல் என்று நினைக்கிறது. களைத்த கை அவ்வளவு உயரம் எப்படிப் போகும்? அந்த நிமிஷம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலையில் ஒருத்தி சொன்னதும் கொஞ்சம் ஞாபகம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

"வாடா," என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். துறை அங்கிருந்து கூப்பிடு தூரம். தொட்டியில் கப்பல் கம்பளிகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு கம்பளி நனைந்தால் ஒரு ஆள் கனம்.

"அடி!"

"இப்பவா மேஸ்திரி?"

"மூணாம் கல்லு உன்னுதுதானே? அடி!"

அடித்தான். முதலில் நான் ஒரு வாரம் சும்மா உட்காரவைத்த கோபத்தோடு, பிறகு துவைக்கிறவர்கள் போடும் வழக்கமான 'ஸோ' சத்தத்தோடு. மூன்று கம்பளி முடிவதற்குள் தோள் இறங்கிவிட்டது, மூச்சு இரைத்தது. அங்கே திடலில் மறுபாதிக்கு ஊதல் ஊதிவிட்டார்கள். எங்கள் பத்துப் பேர் அவன் இல்லாமலே ஆட ஆரம்பித்திருந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்து நின்றவனைப் பார்த்துக் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

"மேஸ்திரி, ஆளைத் துவைச்சுக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார் மரைக்காயர்.

நெட்டையன் தன் இடத்துக்குப் போய் நின்றான். மட்டை இடுப்புக்கு மேலே ஏறவில்லை. ஏற்ற அவனிடம் தெம்பில்லை. அதனால் கண் பந்திலேயே இருந்தது. தடுத்தான், திருப்பினான், தள்ளினான். அவன் அனுப்பிய இரண்டு நீண்ட பந்துகள் எங்கள் முன்னாட்டக்காரன் மட்டையில் போய் உட்கார்ந்து இரண்டு கோல் ஆயின. கடைசி நிமிஷம் குமாஸ்தாக்களில் மூன்று பேர் ஒன்றாக ஓடிவந்தார்கள். நெட்டையன் குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, பந்தை நிறுத்திவிட்டான். வேலியே சாய்கிற மாதிரி கூட்டம் கத்தியது.

இரண்டுக்கு இரண்டு. யாருக்கும் வெற்றி இல்லை.

"முதல் பாதி கெடுத்தான். பந்தயம் எனக்கு," என்றார் மரைக்காயர்.

"ரெண்டாவது பாதி காப்பாத்தினான். எனக்கு."

கோப்பிக் கடையில் இருட்டும் வரை பேசினோம். கடைசியில் நெட்டையன், கை தூக்க முடியாமல் கோப்பியைக் குனிந்து உறிஞ்சிக்கொண்டே, "காலையிலேயே அக்கா சொன்னாங்க, நீங்கதான் கேக்கலை. இஸ்திரி மேசைப் பக்கம்தானே நின்னேன்," என்று போட்டு உடைத்துவிட்டான்.

மரைக்காயர் என்னையே பார்த்தார். பிறகு கோப்பியைக் கீழே வைத்தார்.

"அப்போ வழக்கு முடிஞ்சது. ஆள் பிரிக்கிற வேலை எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம். தங்கச்சி கையிலே குடுங்க. துறையிலே துணி மூட்டையைப் பிரிச்சு ஆளுக்கு ஆள் குடுக்கிறதே அவதானே?"

பத்துப் பேர் முன்னால் கொடுத்த வாக்கு. என்ன செய்வது? அதற்கப்புறம் எந்தக் கல்லுக்கு எவ்வளவு கம்பளி, சனிக்கிழமை யார் ஆடுவது, இரண்டும் இஸ்திரி மேசையில்தான் முடிவாகும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மரைக்காயர் எங்கள் வாசலில் வந்து நின்று, "இந்த வாரம் கப்பல் உண்டா தங்கச்சி?" என்று கேட்பார். மழை வாரமானால் கோயில்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவாள். அந்த வருடம் நெட்டையன் சட்டையில் நான் கோடு போட்டது இரண்டே தடவை.

இத்தனைக்கும் அவளைப் பெண் பார்க்கப் போய், இவள்தான் வேண்டும் என்று ஒரே பார்வையில் சொன்னவன் நான். ஆள் பார்த்து எடுப்பதில் எனக்குத் தப்பியதே இல்லை.