நூலுக்கு ஒரு மெழுகு, வாய்க்கு ஒரு மெழுகு

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இரண்டு மெழுகுகள் இருக்கின்றன. ஒன்று, நடுவில் துளையுள்ள நீல வில்லை; ஒரு பருப்பு வடையின் அளவு இருக்கும். அதன் ஓரத்தில் நகத்தால் கிள்ளியெடுத்த பள்ளம் ஒன்று உண்டு. மற்றொன்று, விரல் நீளப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடக்கும் மெல்லிய வெள்ளைக் குச்சி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த புத்தகங்கள் கீழே மூன்று தட்டுகளில் நிற்கின்றன. வீட்டுக்கு வருவோர் அவற்றை விட்டுவிட்டு மெழுகுகளைப் பற்றியே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்ததனாலும், எங்கள் பல் டாக்டரம்மாவைப் பற்றி யாரேனும் எழுதி வைக்க வேண்டும் என்பதனாலும் இதை எழுதுகிறேன்.

நீல வில்லை நூற்பாலைக்கு உரியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நான், நூலைக் கோன் என்னும் அட்டைக் கூம்பில் சுற்றும் பிரிவில் வேலை செய்தேன். பனியன் துணிக்குப் போகும் நூல் அந்த வில்லையை உரசிக்கொண்டுதான் கோனில் ஏறும். உரசாத நூல் பின்னல் ஊசியில் சிக்கி அறுந்துபோகும். பஞ்சுத் தூசிக்காக நாங்கள் அனைவரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வோம். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் மற்றவர்கள் முதலில் அவிழ்ப்பது அந்தத் துணியைத்தான். நான் பேருந்தில் ஏறிச் சன்னல் பக்கம் திரும்பி உட்காரும் வரை அவிழ்க்க மாட்டேன். என் மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்குள் அடங்காமல் முன்னே நின்றவை. "தேங்கா துருவோணும், கொஞ்சம் சிரி அம்மிணி" என்று கேன்டீனில் ஒருத்தி சொன்ன நாளிலிருந்து, துணி இல்லாத இடங்களில் என் இடக்கை துணியாயிற்று. பேசும்போதும் சிரிக்கும்போதும் அது தானாக எழுந்து வாயை மறைக்கும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காப்பி குடித்துவிட்டுப் போயின. மூன்றாவது குடும்பத்தை நானே வர வேண்டாம் என்றேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. கையைப் பற்றித்தான் வருத்தம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், ஐம்பத்தாறாம் வயதில், பல்லடத்திலிருந்து பஸ் ஏறிக் கோவை காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த பல் மருத்துவமனைக்கு, பல்லை உள்ளே தள்ளும் கம்பிக் கிளிப் போட்டுக்கொள்ளப் போனேன். முன்னறையில் இருந்த பெண் சீட்டு எழுதிக்கொண்டே, "கிளிப்பு யாருக்குங்க, பேத்திக்குங்களா?" என்றாள். "எனக்குத்தானுங்க" என்றேன். அங்கே காத்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். உள்ளே டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது அவருக்கு. பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. என் ஈறுகளைக் கம்பி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஈறு கல்லாட்டம் இருக்குதுங்கம்மா. ரெண்டு வருசம் ஆகும். பல்லு மெதுவாத்தான் நகரும், ஆனா நகரும்" என்றார். எதற்காக என்று அவர் கேட்கவேயில்லை. அந்த வயதில் ஒரு பெண் எதைச் செய்தாலும் எதற்காக என்று கேட்கும் ஊரில், அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது. கிளிப் மாட்டிய அன்று, கம்பி உறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு பெட்டி வெள்ளை மெழுகையும் கையில் கொடுத்தார்.

மாதம் ஒருமுறை போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வந்தேன். கிளிப் மாட்டிய ஏழாம் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. பேருந்துகள் நின்றன, மருத்துவமனை மூடியது. வாயிலிருந்து தெறிக்கும் நீர்த்துளியில் நோய் இருக்கிறதென்றால் பல் மருத்துவரைக் காட்டிலும் அதற்கு அருகில் நிற்பவர் யார்? அதனால் டாக்டரம்மா தம் நோயாளிகள் ஒவ்வொருவரையும் தாமே தொலைபேசியில் அழைத்தார். "கம்பி பத்திரமா இருக்குதுங்களா? முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் கடிக்காதீங்க, அறுந்துபோட்டா ஒட்டறதுக்கு நான் வர முடியாது" என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பற்கள் நகர்ந்த அளவுக்குக் கம்பி கடைவாயின் பின்னால் நீண்டு, கன்னச் சதையில் ஊசிபோல் குத்தத் தொடங்கியது. மூன்று வாரத்தில் வெள்ளை மெழுகு தீர்ந்தது. நான் என்ன செய்தேன் என்றால், மில்லிலிருந்து நினைவாக எடுத்து வந்திருந்த நீல வில்லையை நகத்தால் கிள்ளி, உருட்டி, கம்பியில் ஒட்டிக்கொண்டேன். மெழுகு மெழுகுதானே, உரசலைத் தடுப்பதுதானே அதன் தொழில் என்பது என் கணிப்பு.

அண்ணன் மகளின் செல்பேசியில் முகம் பார்த்துப் பேசியபோது டாக்டரம்மா, "வாயத் தெறங்கம்மா. அதென்ன நீலமா?" என்றார்.

"மில்லு மெழுகுங்க. கோனுக்குப் போடறது."

அவர் சிரித்த சிரிப்பு, அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்து முடித்ததும் கடுமையாகச் சொன்னார்: "அது நூலுக்குங்க. வாய்க்கு இல்லைங்க. மொதல்ல துப்பிப்போடுங்க."

துப்பிவிட்டேன். மறுநாளே கன்னம் வீங்கியது. சோற்றைக் கரைத்துக் குடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டில் தறிப்பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன், தறிக் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நாற்காலியைப் போட்டார்.

"ஏனம்மிணி, இந்த வயசுல உனக்கு இது தேவையா? ஒரே வெட்டு. அத்தனையும் கழட்டிப்போடலாம்."

"டாக்டரம்மாதான் கை வைக்கோணுமுங்கண்ணா."

"அந்தம்மா ஊட்டுக்குள்ள உக்காந்திருக்குது. ஊரே மூஞ்சிய மூடிட்டுத் திரியுது. உன் பல்ல எவன் பாக்கறான்?"

"நான் பாக்கறேனுங்கண்ணா."

அவர் பிளேயரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மனம் மாறினால் கூப்பிடு என்பது அதன் பொருள். அந்தப் பிளேயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அண்ணன் சொன்னதில் தவறில்லை என்பதே என்னை உறுத்தியது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் ஒளிந்திருந்த அந்தத் துணிக்குள் இப்போது உலகமே வந்து ஒளிந்துகொண்டது. இனி என் வாயை யாரும் பார்க்கப்போவதில்லை; கேலி இல்லை, கையும் தேவையில்லை. நான் இளமையில் வேண்டிக்கொண்ட வரம் அது. வரம் கிடைத்தபோதுதான் எனக்கு அது வேண்டாம் என்று தெரிந்தது. டாக்டரம்மாவை அழைத்துச் சொன்னேன். அவசரத்துக்கு மட்டும் காலையில் இரண்டு மணி நேரம் திறப்பதாகவும், எப்படியாவது வந்து சேருமாறும் சொன்னார்.

பண்ணைகளிலிருந்து கோவைக்குப் போகும் முட்டை வண்டிக்கு மட்டும் பாஸ் உண்டு. எங்கள் வீதியில் அந்த வண்டி ஓட்டுபவர், "முட்டையோட முட்டையா உக்காந்துக்கங்கக்கா, ஆனா ஒடஞ்சுறாதீங்க" என்று முன்னிருக்கையில் இடம் கொடுத்தார். மாவட்ட எல்லையில் தடுப்பு வைத்திருந்தார்கள். காவலர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "பாஸு முட்டைக்குத்தானே, இந்தம்மாவுக்கு எங்க?" என்றார். பல் ஆஸ்பத்திரி என்றார் ஓட்டுநர். "பல்லெல்லாம் ஒரு அவசரமாங்க?" என்ற காவலர், கிளிப் என்று ஓட்டுநர் சொல்லக் கேட்டதும் கூட நின்றவரைத் திரும்பிப் பார்த்து, "கிளிப்பாமுங்க. கெழவிக்குக் கல்யாணமாட்ட இருக்குது" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். முறைப்படி ஆறடி தள்ளி நின்றேன். முகக்கவசத்தைக் கீழே இறக்கி, வீங்கிய பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி, வாயை முழுவதுமாகத் திறந்தேன். இடக்கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அது எழவில்லை.

"நல்லாப் பாருங்க சார். இது அவசரமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பார்த்தார். கம்பி முனை சதைக்குள் போயிருந்த இடத்தைப் பார்த்திருப்பார். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டவர் அவர்தான். "மூடுங்கம்மா" என்றார், பிறகு தாழ்ந்த குரலில், "மத்தியானத்துக்குள்ள திரும்பிருங்க" என்றார்.

மாடியில் எல்லாச் சன்னல்களும் திறந்து கிடந்தன. தலை முதல் கால் வரை வெள்ளை உறையும் அதற்கு மேல் கண்ணாடித் தகடுமாக நின்ற உருவத்தை, "வாங்கம்மா" என்ற குரலால்தான் அடையாளம் கண்டேன். உறைக்குள் அவர் நனைந்திருந்தார். தம் கைக்குழந்தையைப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் விட்டு இரண்டு மாதம் ஆகிறதென்றும், செல்பேசியில் பார்த்தால் குழந்தை இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றும், கருவிகளை எடுத்துவைத்தபடியே சொன்னார். பிறகு ஒரு சிறு வெட்டு. 'டிக்' என்ற அந்த ஓசையில் மூன்று வார வலி நின்றது.

"எப்ப முழுசாத் தெறப்போமுன்னு எனக்கே தெரியலைங்கம்மா" என்றார் அவர். "நெறையப் பேரு கழட்டச் சொல்லிட்டாங்க. அதுல ஒரு தப்பும் இல்லை. உங்களுக்கும் இன்னைக்கே கழட்டிரட்டுங்களா?"

"மெதுவா நகரும், ஆனா நகருமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நகரட்டுமுங்க."

தகட்டுக்குப் பின்னால் அவர் கண்கள் நிறைந்ததை நான் பார்த்தேன். துடைத்துக்கொள்ள அவரால் முடியாது, அத்தனை உறை. திரும்பிப் போய் மூன்று பெட்டி வெள்ளை மெழுகை எடுத்து வந்து என் பையில் போட்டார். "நீல மெழுகு பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார்.

இரண்டு ஆண்டு மூன்று ஆண்டாயிற்று. கிளிப்பைக் கழற்றிய நாளில் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும் வரை அவர் வேறு வேலை பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அடுத்த ஆண்டு குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது பொள்ளாச்சிக்கே போய்விட்டார். இப்போது அங்கே கடைவீதியில் மருத்துவமனை வைத்திருக்கிறார். இன்றும் சிரிப்பு வந்தால் என் இடக்கை பாதி தூரம் எழுகிறது. எழுந்ததை இறக்கி விடுகிறேன்.

போன வாரம் அண்ணன் வந்தார். வந்தவர் உட்காராமல் அலமாரி அருகில் நின்று நீல வில்லையை எடுத்தார், பள்ளத்தைத் தடவினார், வைத்தார், மறுபடி எடுத்தார். முன்பல் ஒன்று ஆடி விழுந்துவிட்டது என்று அண்ணி ஏற்கெனவே சொல்லியிருந்தார். சந்தைக்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கிறாராம்.

"அந்த டாக்டரம்மா இப்ப எங்க அம்மிணி இருக்குது?" என்றார். வலது கை வாயின் மேல் இருந்தது.

மேசையில் விட்டுப்போன அந்தப் பிளேயரைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாவின் நுனி வரை வந்தது. வில்லையை அவர் கையிலிருந்து வாங்கி, வெள்ளை மெழுகுப் பெட்டிக்குப் பக்கத்தில், அதன் இடத்தில் வைத்தேன்.

"பொள்ளாச்சியிலீங்கண்ணா. நாளைக்குக் காலையில பஸ்ஸுக்குப் போலாமுங்க" என்றேன். "மொதல்ல கைய எடுங்க, நான் பாக்கறேன்."