முதல் பத்திரிகை

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை வேடியப்பனுக்குத்தான். வயல் வரப்பில் வில்லோடு நின்றிருந்த நடுகல் அவர். அக்கா மகளுக்குத் தேதி குறித்ததும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நானும் அக்காவும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினோம். எங்கள் சாமி இப்போது மியூசியத்தில் இருக்கிறார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது அதிகாரிகள் வந்து, கல்லைப் பத்திரமாக வைக்கிறோம் என்றார்கள். கோயில் கட்டப்போகிறார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஊரே கூடிப் பொங்கல் வைத்து, மாலை போட்டு, மேளம் அடித்து லாரியில் ஏற்றி அனுப்பினோம். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் போன மியூசியத்தில் அவர் இல்லை. பழைய காசு, வெண்கல விளக்கு எல்லாவற்றையும் சுற்றி முடித்த பிறகுதான், கல்லெல்லாம் இன்னொரு மியூசியத்தில் என்றார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ வர மறுத்தது. வெயிலில் நடந்தே போனோம்.

அங்கே வாசலிலேயே அக்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே, ஒரு மூலையில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடியப்பன். மஞ்சள் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, சுரண்டிக் கழுவியிருந்தார்கள்.

"இன்னாடா எழுதியிருக்கு?" என்று அட்டையைக் காட்டினாள் அக்கா.

"வயல்ல கவனிக்க ஆளில்லாம கெடந்த கல்லுன்னு போட்டிருக்குக்கா."

வருஷா வருஷம் கிடா வெட்டினோமே, நாங்கள் ஆள் இல்லையா? எழுதினவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அக்கா கயிற்றுக்கு அடியில் கையை நீட்டி, பத்திரிகையைக் கல்லின் காலடியில் வைத்தாள். காவலாளி ஓடி வந்தார்.

"பேப்பர்லாம் வெக்கக் கூடாதும்மா. எடுங்க."

"எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைங்க. சாமிக்கு வெக்காம வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

"இங்க சாமியெல்லாம் இல்லம்மா. இது காட்சிப் பொருளு."

நான் கத்த ஆரம்பித்தேன். அவர் வெறும் சம்பளத்துக்கு நிற்கிறவர், அட்டை எழுதினவர் இல்லை. தெரிந்தும் கத்தினேன். வேறு யாரிடம் கத்துவது? அந்த நேரத்தில் அக்கா தன் நெற்றிக் குங்குமத்தை விரலில் ஒற்றி, கயிற்றுக்கு மேலே எட்டி, வேடியப்பனுக்குப் பொட்டு வைத்துவிட்டாள்.

"தொடச்சிடுவேம்மா" என்றார் காவலாளி.

"தொடைங்க. எம் பொண்ணுக்குத் தாலி ஏறினதும் வந்து தொடைங்க."

அவர் துணியை எடுத்தார். நான் கயிற்றைத் தாண்டிப் போய், கல்லுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.