மூன்று நீலக் கோடுகள்

என் மேசைக்கடியில் ஒரு பழைய கீபோர்டு கிடக்கிறது. அதன் ஸ்பேஸ் பாரின் நடுவில் கட்டைவிரல் பதிகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். இடது மூலையில் உள்ள எஸ்கேப் பொத்தானோ நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் புதிதாக இருக்கும். ஒவ்வொரு போகிக்கும் பழையதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லி மனைவி இதைத்தான் முதலில் காட்டுவாள். விரல் கொஞ்சம் மேலே உயர்ந்தால் அது என்னைக் காட்டும் என்பதால் நான் விவாதத்தை வளர்ப்பதில்லை. இதுவரை நானும் கீபோர்டும் தப்பித்து வருகிறோம்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் காரைக்காலில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு எந்தத் தொழிலும் தெரியாது. ஆகவே எந்தத் தொழிலையும் தொடங்கலாம். ‘உலகத்தோடு உங்களை இணைக்கிறோம்’ என்று போர்டு எழுதி மாட்டினேன். பாதி நாள் அடுத்த தெருவோடுகூட இணைப்பு கிடைக்காது. பரீட்சை முடிவு வருகிற அன்று வாசல் வரை கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் கடையைக் காப்பாற்றியது கேம் ஆட வரும் கல்லூரிப் பையன்கள்தான். கார் திருடுவார்கள், ஊரைக் கொளுத்துவார்கள், போலீஸைச் சுடுவார்கள், பிறகு மரியாதையாக “வர்றோம்ணே” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் நெரவிக்குப் போவார்கள். அந்த கேம்களின் முடிவில் செய்தவர்களின் பெயர்கள் ஓடும். எங்கள் வார்டு வாக்காளர் பட்டியலைவிட நீளம்.

மூலையில் இருந்த சிஸ்டம் என் அக்கா வீட்டுக்காரருடையது. அதாவது கடை என்னுடையது, ஆனால் அந்த மூலை அவருடையது. மண்டபத்தூரில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, படித்து, ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தலத்தெருவில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சாக்பீஸ் படிந்த கையோடு நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். தனியாக. உதவிக்குத் தலையணை கனத்தில் ஒரு புத்தகம்.

திரையில் மேலே கறுப்பு, அதற்குக் கீழே மூன்று நீலக் கோடுகள், அவ்வளவுதான் கடல். கரையில் நாலைந்து பச்சைச் சதுரங்களை அடுக்கியதுபோல ஒரு பெண். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அவள் கையிலுள்ள அரிக்கேன் விளக்கு மேலே உயரும், விட்டால் இறங்கும். நீலக் கோடுகள் அசையும். தூரத்தில் எப்போதாவது ஒரு வெள்ளைப் புள்ளி தெரிவதுபோல இருக்கும், பிறகு இருக்காது. வேறு எதுவும் நடக்காது.

“அண்ணே, இதுல துப்பாக்கி எப்ப வரும்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“படகு வந்ததும் வரும்,” என்றேன்.

“படகு எப்ப வரும்?”

மச்சான் விளக்கை மறுபடி உயர்த்தினார். நான் என் பங்குக்கு, “மச்சான், ஜெயிக்க வழியே இல்லாத கேமை எவன் ஆடுவான்? நம்ம வாழ்க்கைதான் இருக்கே, இலவசமா?” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “கொஞ்சம் பொறு மாப்ள, இன்னும் முடியலை,” என்றார்.

அந்தப் படகு எதுவென்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவருடைய தம்பி கட்டுமரத்தில் தனியாகப் போனவன், திரும்பவில்லை. கட்டுமரமும் கிடைக்கவில்லை. கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் எங்கள் பக்கம் உடனே காரியம் செய்துவிட மாட்டார்கள். வேறு கரையில் ஒதுங்கியிருக்கலாம், வேறு படகு ஏற்றியிருக்கலாம், எல்லை தாண்டிப் போய் எங்காவது சிறையில் இருக்கலாம். இந்த ‘லாம்’கள் தீரும் வரை அவன் மனைவி பொட்டும் தாலியுமாக இருப்பாள். ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். தாய்வீட்டுக்கும் போக முடியாது. போனால் புருஷன் வரமாட்டான் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைச் சொல்ல வேண்டியது வீட்டுக்கு மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவர் மச்சான்தான். அந்தப் பெண்ணின் அப்பா இரண்டு தடவை வந்து, “ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, நான் எம்பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு தடவையும் மச்சான், “கொஞ்சம் பொறுங்க,” என்றுதான் சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள், என் அக்காவோடு. ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள். கரண்ட் இருந்தது, ஜெராக்ஸ் மெஷின்தான் இல்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூலைத் திரையைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் போய் நின்றாள். மச்சான் எழுந்து நாற்காலியை விட்டார். அவள் உட்கார்ந்து, அவர் காட்டியபடி அந்த நீளப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு உயர்ந்தது. விட்டாள், இறங்கியது. வெகுநேரம் அதையே செய்தாள்.

“பொடவை பச்சையில்ல அத்தான்,” என்றாள் கடைசியில். “அன்னிக்கு ஊதா கட்டியிருந்தேன்.”

மச்சான் குனிந்து ஏதோ தட்டினார். சதுரங்கள் ஊதாவாயின. அவள் மறுபடி விளக்கை உயர்த்தினாள்.

“எம்புட்டு நேரம் இவள நிக்க வைப்பீங்க?”

மச்சான் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இத நிப்பாட்ட எதை அமுத்தணும் அத்தான்?”

அப்போதுதான் தெரிந்தது, அவர் அதற்கு வழியே வைக்கவில்லை என்று. உலகத்தில் எந்த கேமிலும் முதலில் எழுதுகிற பகுதி அது. எங்கள் கடையில் ஊரைக் கொளுத்திய பையன்கள்கூட ஒரு பொத்தானில் வெளியே வந்து வீட்டுக்குப் போனார்கள். வாத்தியார், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

“உக்காரும்மா,” என்று சொல்லிவிட்டு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே எழுத ஆரம்பித்தார். நான் டீ வாங்கி வந்தேன்; அந்தச் சூழ்நிலையில் என் அறிவுக்கு எட்டியது அதுதான். அவள் டீயைக் குடித்தபடி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவர் மூலைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். “இதும்மா.”

அவள் எஸ்கேப்பை அழுத்தினாள். விளக்கு மெதுவாக இறங்கித் தரையில் நின்றது. மேலே இருந்த கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கடல் காலியாக இருந்தது. ஊதாப் புடவைக்காரி திரும்பித் திரையை விட்டு நடந்து போனாள்.

“வர்றேன் அத்தான்,” என்று தம்பி மனைவி எழுந்தாள். மறுவாரம் காரியம் நடந்தது. மச்சான்தான் மொட்டை போட்டுக்கொண்டு எல்லாம் செய்தார். அவள் தாய்வீட்டுக்குப் போனாள், நர்சிங் படித்தாள், பிறகு இன்னொரு கல்யாணமும் ஆனது.

மச்சான் அதற்குப் பிறகும் சாயங்காலங்களில் வந்து ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூலைப் பொத்தானை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கடை மூடும் நேரத்தில் “வர்றேன் மாப்ள” என்று எழுந்து போய்விடுவார், சிஸ்டத்தை நான்தான் நிறுத்துவேன். போன வருஷம் நெஞ்சு வலி வந்து அவர் போனபோது அந்தப் பெண் கணவனோடு வந்து, வாசலில் வெகுநேரம் நின்றிருந்தாள்.

இந்தப் பொங்கலுக்கு வந்த என் மகன் லேப்டாப்பில் ஏதோ சின்ன கேம் ஆடிக்கொண்டிருந்தான். “இண்டி கேம்ப்பா. கம்பெனி கிடையாது, ஒரே ஒருத்தர் செஞ்சது. பெரிய கேமெல்லாம் அலுத்துப்போச்சு,” என்றான். அவனிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. பெரிய கேம்களில் கடல் எவ்வளவு அழகு, ஒவ்வொரு துளியும் தனியாக மின்னும். ஆனால் அந்தக் கடலுக்கு யாரையும் தெரியாது. மச்சானின் மூன்று கோடுகள் ஓர் ஆளை விழுங்கியிருந்தன. பெரிய கேம்களைச் செய்கிறவர்களுக்கு நமக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். இவருக்கு அந்தக் கவலையே இல்லை. செய்யாமல் இருக்க முடியாததால் செய்தார்.

இதையெல்லாம் சொல்லாமல் கடையை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த மச்சானின் சிஸ்டத்தைப் பரணிலிருந்து இறக்கி, கீபோர்டை மாட்டிக் கொடுத்தேன். எனக்கே வியப்பாக, ஓடியது. அவன் கட்டைவிரல் தேய்ந்த இடத்தில் தானாகப் போய்ப் பொருந்தியது. விளக்கு உயர்ந்தது, இறங்கியது. மச்சானின் கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே ஆடினான்.

“எப்படிப்பா நிறுத்துறது?”

மூலைப் பொத்தானைக் காட்டினேன். விரலை அதன்மேல் கொண்டுபோனவன் என் முகத்தைப் பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஸ்பேஸ் பாரை அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து நானும் கீபோர்டை வாங்கி அதே ஸ்பேஸ் பாரை அழுத்தினேன். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஒரு வசதி உண்டு: கரண்ட் போனது, திரை அணைந்தது. கீபோர்டைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மேசைக்கடியில் வைத்தேன்.