பட்டியில் இன்னொரு துளை

சம்மாந்துறையில் எங்கள் அரிசி ஆலையைப் பதினொரு வருடம் காத்த நாய், நெல் ஏற்றிவரும் ட்ரக்டர்களைக் கண்டு குரைப்பதை நிறுத்திவிட்டது. கிழடாகிச் சோம்பேறியாகிவிட்டது என்று நினைத்தேன். "தின்னுறதுக்கு மட்டும் வாய் இருக்கு" என்று ஆட்களுக்கு முன்னால் ஏசினேன். ரோஷம் வரட்டும் என்று, கழுத்துப் பட்டியை இன்னொரு துளை இறுக்கி, நெல் காயும் தளத்தோரம் கட்டச் சொன்னேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டுமென்பது எங்கள் மார்க்கச் சட்டம், அதனால் நான் அதைத் தொடுவதில்லை. தொடாததில் குற்றமில்லை, ஆனால் நான் உற்றுப் பார்க்கவுமில்லை.

ஒரு நாள் வெயிலில் விழுந்துவிட்டது. நாக்கு நீலமாகி, மூச்சு மரம் அறுப்பதுபோல் இழுத்தது. ஓடிவந்த மிருக வைத்தியர் முதலில் பட்டியைக் கழற்றினார். பிறகு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றினார்.

"காக்கா," என்று என்னை அண்ணன் முறை வைத்து அழைத்துச் சொன்னார், "வயசான நாய்களுக்கு வாற வருத்தம் இது. மூச்செடுக்கக்குள்ள குரல்வளை திறக்குதில்ல. ஒப்பரேஷன் செய்யலாம், கண்டிக்குக் கொண்டு போகணும். அதுவரைக்கும் நிழல்ல வைங்க, ஓடவிடாதீங்க. கழுத்துல ஒண்டும் கட்டாதீங்க."

"ஒரு மாசமாக் குரைக்கல்லையே, டொக்டர்?"

"குரைச்சிருக்கும். சத்தம் வந்திருக்காது."

அடுத்த நாள் காலையில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அது தலையைத் தூக்கி, வாயை அகலத் திறந்தது. வெறும் காற்று வந்தது. வால் மட்டும் ஆடியது.

ஒரு மாதமாகத் தினமும் அப்படித்தான் திறந்தது. என்னைக் கண்டால் கொட்டாவி விடுகிறது என்று அதற்கும் ஏசியிருந்தேன்.