மாமா ஓட்டிய லாரியின் எண்

பட்டாளத்து லாரிகளின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அக்காவின் கணவர். பாலம் போடும் பிரிவில் டிரைவராக இருந்தார். லீவில் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு வந்தால், தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் ஒரு லாரியின் முகத்தை வரைவார்.

"மேல பாக்கற அம்பு இருந்தா அது பட்டாளத்து வண்டி. அம்புக்குப் பக்கத்துல ரெண்டு நம்பர், வண்டி சேந்த வருஷம். இந்தச் சதுரத்துல கலரைப் பாரு மச்சான். செவப்பும் நீலமும்னா பீரங்கிக்காரன். கருஞ்செவப்பும் நீலமும்னா நாங்க. சதுரத்து நம்பரைப் பாத்தா எந்த யூனிட்டுன்னு தெரிஞ்சுடும்."

"வண்டி முன்னால இருக்கற மஞ்சள் வட்டம் இன்னா மாமா?"

"வண்டியோட பாரம். அதைப் பாத்துதான் பாலத்துல விடுவோம். உங்கக்கா கழுத்துலயும் ஒண்ணு எழுதி மாட்டணும்."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "மாட்டுவீங்க, மாட்டுவீங்க. பி.ஏ. படிச்சவன லாரி நம்பர் படிக்க வச்சிட்டு, பேச்சைப் பாரு!"

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. அவர் பட்டாளத்திலிருக்கும் மாதங்களில் எங்களோடுதான் இருந்தாள். ஒருமுறை அவர் போட்டோ அனுப்பியிருந்தார். லாரியின் மேல் சாய்ந்து நிற்கிறார், பக்கத்தில் பம்பரில் எண் தெளிவாகத் தெரிகிறது. அக்காவுக்கு எழுத்து தெரியாது. நான் படித்துச் சொன்ன எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நான் அப்போது சுரங்கத்தின் டைம் ஆபீஸில் கிளார்க். எங்கள் ஊரில் ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு, கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவார். மேலே வந்ததும் திருப்பித் தருவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார். டோக்கன் தொங்கினால் வெளியே வந்துவிட்டார். கீழே பாறை வெடித்து வீடுகள் குலுங்கும் நாளில் பெண்கள் முதலில் ஓடி வருவது அந்தப் பலகைக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தங்கள் வீட்டு ஆணி எதுவென்று தெரியும்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். செத்தவரின் டோக்கனும் ஆணிக்குத் திரும்பி வரும். உடலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து என்னிடம் தருவார்கள். கூட்டம் கலைந்தபின் அதைக் கழுவி நான்தான் மாட்டுவேன்.

எழுபத்தொன்றாம் ஆண்டுக் கடைசியில் சண்டை வந்தது. மாமாவிடமிருந்து கடிதம் நின்றுபோனது. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை. கிழக்கேயிருந்து திரும்பும் பட்டாள ரயில்கள் பங்காருப்பேட்டை ஜங்ஷனில் நின்று போவதாகக் கேள்விப்பட்டு, லீவு நாட்களில் நான் அங்கே போய் நிற்கத் தொடங்கினேன். அக்காவும் வருகிறேன் என்றாள். கூட்டத்தில் வேண்டாம் என்று நிறுத்தினேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில், திறந்த வேகன்களில் லாரிகளை ஏற்றிய ரயில் ஒன்று வந்து நின்றது. பாதி லாரிகளில் அடையாளங்களின்மேல் சேறு பூசியிருந்தது. சண்டையில் அப்படித்தான் மறைப்பார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். கருஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு சதுரம் கண்ணில் பட்டது. யூனிட் எண் சரி. வேகன் வேகனாக நடந்தேன். கடைசிக்கு முந்தின வேகனில் அந்த லாரி நின்றது. அம்பு, வருஷம், எண், எல்லாம் போட்டோவில் இருந்தபடியே. கதவு மட்டும் புதிது. அதன் பெயின்ட் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது.

வேகனுக்குக் கீழே ஓர் இளம் சிப்பாய் டீ குடித்துக்கொண்டிருந்தான். தமிழன்.

"இந்த வண்டி டிரைவர் யாருப்பா?"

"நான்தாண்ணே."

"முன்ன ஓட்டினவரு?"

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

சொன்னேன். அவன் மிச்ச டீயைத் தண்டவாளத்தில் கொட்டினான். "பெரியவங்க யாராவது சொல்லுவாங்கண்ணே. நான் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு வேகன்மேல் ஏறிக்கொண்டான். ரயில் புறப்படும்வரை அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

இதற்கு மேல் எனக்கு என்ன சொல்ல வேண்டும்? படித்தவன் நான்.

கிளை ரயிலில் வரும்போது எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஊரிகம் ஸ்டேஷனிலேயே அக்கா நின்றிருந்தாள். என் வாயையே பார்த்தாள்.

"வண்டி வந்துடுச்சி அக்கா" என்றேன்.

"அதே நம்பரா?"

"அதே நம்பர்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லோரும் சுரங்கத்து ஜனங்கள். டோக்கன் ஆணிக்கு வந்துவிட்டது என்றுதான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும், "ஆளைப் பார்த்தாயா?" என்று என்னைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பூ கொண்டுவந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தந்தி வந்தது. ஆற்றில் பாலம் போடும் இடத்தில் காணாமல் போனார் என்றிருந்தது. நான் படித்துச் சொன்னேன். அக்கா பதறவேயில்லை.

"அது பழைய சேதிடா தம்பி. வண்டியே வந்தாச்சு. எங்கியாவது ஆஸ்பத்திரில படுத்திருப்பாரு."

பெங்களூர் பட்டாள ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை அவளை அழைத்துப் போனேன். வார்டு வார்டாகப் பார்த்தாள். பிறகு, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் பென்ஷன் என்றார்கள். அவள் கைநாட்டு வைக்கவில்லை. "உயிரோட இருக்கற மனுசனுக்கு நான் வைக்கவா?" என்று வந்த ஆபீஸரோடு சண்டை பிடித்தாள். ஆபீஸர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலை இல்லை. ஆண்டர்சன்பேட்டை ரோட்டில் எப்போதாவது பட்டாள லாரிகள் போகும். சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

"தம்பி, இன்னா எழுதியிருக்கு?"

"இது வேற யூனிட்டுக்கா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்."

ஆறு வருஷம் இப்படிப் படித்துச் சொன்னேன். மாமாவின் யூனிட் சதுரத்தை மறுபடி நான் காணவேயில்லை. கண்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி, மெலிந்து, ஒரு மழைக்கால மதியம் அக்கா போய்விட்டாள். கடைசி வாரத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன் கண்ணால பாத்தே இல்ல?" என்று கேட்டாள். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"பாத்தேன் அக்கா" என்றேன்.

குளிப்பாட்டி முடித்தபின் லைனில் மூத்த அம்மாள் ஒருத்தி வெளியே வந்தாள். கையில் குங்குமக் கிண்ணம்.

"பொட்டு வைக்கலாமா, வேணாமா? உள்ள ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீதான்பா சொல்லணும்."

வாசலில் நின்ற ஆண்கள் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வைங்க" என்றேன்.