தீட்டு கழிந்ததும் ஸ்கேன்

ஸ்கேன் டாக்டர் என்றால் இருட்டறையில் உட்கார்ந்து, அடுத்தவள் வயிற்றைப் பார்த்துத் தன் வயிற்றில் அடித்துக்கொள்பவள் என்று அர்த்தம். கூடப் பாடுபடும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? திருவாரூரில் நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

தண்ணீர்

கர்ப்பப்பை தெளிவாகத் தெரிய, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரவேண்டும். மலர் தலைச்சன் உண்டாகி, மாமியாரோடு வந்தாள். குத்தகை நிலத்துக் குடும்பம். ஆறு காய்ந்து கிடந்த நேரம். செம்பு செம்பாக நீட்டினேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, இவளுக்கு ஊத்துன தண்ணிய வயலுக்கு விட்டிருந்தா ஒரு நாத்தங்காலு நனைஞ்சிருக்கும்."

நாற்று

ஐந்தாம் மாதம் பார்த்தால், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயருகே இறங்கிக் கிடக்கிறது. குனியாதே, நடவுக்குப் போகாதே, ரத்தம் கொட்டும் என்றேன். நன்றாகத் தலையாட்டினாள். மேட்டூர் அணையைத் திறந்தார்கள், ஆற்றில் தண்ணீர் வந்தது. அடுத்த முறை வந்தபோது கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். எனக்கு வந்ததே கோபம்! "செத்துப்போவேடி!" என்று கத்தினேன்.

"நடாம போட்டா மிராசுதாரு நிலத்தைப் புடுங்கிடுவாரு டாக்டரம்மா. நாத்து காத்திருக்காது, முத்திடும்."

தீட்டு

அவள் அதிர்ஷ்டம், வயிறு வளர வளர நஞ்சு மேலே ஏறிவிட்டது. வீட்டிலேயே பிரசவம், பெண் குழந்தை. அப்பாடா என்றிருந்தேன். பிரசவ மருந்துச் சாமான் வாங்க டவுனுக்கு வந்த மாமியார் எட்டிப் பார்த்தார். நஞ்சு பிய்ந்து பிய்ந்து வந்ததாம், ரத்தம் இன்னும் நிற்கவில்லையாம், காய்ச்சல் வேறாம். உள்ளே துணுக்கு தங்கியிருக்கும், இன்றைக்கே கூட்டி வாங்க, ஸ்கேனில் தெரிந்துவிடும் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"கெட்ட ரத்தம், போவட்டும். பச்சை உடம்புக்காரி தீட்டோட வாசப்படி தாண்டலாமா? தீட்டு கழிஞ்சதும் கூட்டியாறேம்மா."

வாசப்படி

வீடு கழுவி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தீட்டைக் கழித்துவிட்டுத்தான் கூட்டி வந்தார்கள். மலர் வெளுத்துப் போயிருந்தாள். திரையில் அந்தத் துணுக்கு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் சீழ். உடனே தஞ்சாவூருக்கு அனுப்பினேன். உயிர் மிஞ்சியது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவேயில்லை. தையல் ஆறியபின் என்னைப் பார்க்கத் தனியாக வந்தாள். சிரித்தபடியேதான் கேட்டாள்.

"இனிமே எனக்குத் தீட்டே வராதுல்ல டாக்டரம்மா? எப்ப வேணாலும் வாசப்படி தாண்டி வரலாம்ல?"

இத்தனை வருஷத்தில் கர்ப்பப்பைக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டேன்; அந்த வாசப்படியை மட்டும் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.